கப்பல் பயணத்துக்குப் புத்தகமா, கிண்டிலா?

மாம்பலம்வாசி

ஜனவரியில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போய்த் திரும்பும் க்ரூஸ் ஒன்றில் ஏறப் போகிறோம். வீட்டில் மற்றவர்கள் எல்லாரும் நீச்சல் குளம், ஷோ, பஃபே என்று இப்போதே பட்டியல் போட்டாயிற்று. எனக்கு ஒரே ஆசைதான். டெக்கில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, ஆபீஸ் போன் தொல்லை இல்லாமல் படிக்க வேண்டும்.

பெட்டி எடை என் மனைவியின் இலாகா. "புத்தகம் ஒன்றே ஒன்று, அதுவும் ஒல்லியாக" என்று உத்தரவு வந்துவிட்டது. நான் எடுத்துப் போக நினைத்ததோ பொன்னியின் செல்வன், ஐந்து பாகமும். மின்னூல் படிக்கிற கருவியாமே, அந்தக் கிண்டிலை வாங்கித் தொலையுங்கள் என்கிறான் மைத்துனன். அதை நான் கையில் எடுத்துக்கூடப் பார்த்ததில்லை. வெயிலில் திரை தெரியுமா, தண்ணீர் பட்டால் என்ன ஆகும், தமிழ் எழுத்து ஒழுங்காக வருமா, செல்போனிலேயே படித்தால் போதாதா? கடலில் உட்கார்ந்து படித்தவர்கள் சொல்லுங்கள். படிக்காதவர்களும் கருத்து சொல்லத்தான் போகிறீர்கள், சொல்லுங்கள்.

தெம்பனிஸ்காரன்

ஆபீஸ் போன் வராது என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள் சார், கப்பலில் வைஃபை விற்கிறார்கள். வாங்கினீர்கள் என்று மட்டும் ஆபீஸில் வாயைத் திறக்காதீர்கள்.

வெயிலைப் பற்றிக் கவலையே வேண்டாம். கிண்டில், கோபோ மாதிரிக் கருவிகளில் இருப்பது இ-இங்க் திரை. மேலே விழும் வெளிச்சத்தைக் காகிதத்தைப் போலவே திருப்பி அனுப்புவதால், வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் பளிச்சென்றுதான் தெரியும். செல்போன் இதற்கு நேர் எதிர். ப்ரைட்னஸை முழுக்கக் கூட்டினாலும் உங்கள் முகம்தான் தெரியும், அப்புறம் போன் சூடாகித் தானாகவே மங்கிவிடும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிற ஆளாக இருந்தால் சில போன்களின் திரை ஒரு கோணத்தில் கறுத்தே போகும். அதனால் டெக்கில் செல்போன் வாசிப்பு நடக்காது. கேபினில் படுத்துக்கொண்டு படிப்பதற்குச் சரி.

தண்ணீர் விஷயத்தில் மாடலைப் பார்த்து வாங்குங்கள். கிண்டிலில் பேப்பர்வைட் என்ற மாடல் 2018-லிருந்து தண்ணீர் தாங்கும். நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் என்று கணக்கு. கடல் தண்ணீர் என்றால் அதே கருவிக்குக் கால் மீட்டர் ஆழம், 3 நிமிடம்தான், உப்பு அவ்வளவு பொல்லாதது. கடல் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜ் போடும் ஓட்டை நன்றாகக் காயும் வரை கேபிளைச் செருகாதீர்கள். விலை குறைந்த சாதாக் கிண்டிலுக்கு இந்த வசதி கிடையாது. தண்ணீரை விடச் சூடுதான் ஆபத்து. 35 டிகிரி வரைக்கும்தான் அதற்குத் தாங்கும், வெயிலில் நாற்காலி மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்தக் கணக்கு பத்தே நிமிடத்தில் தாண்டிவிடும்.

பேட்டரி பற்றி ஒன்று. "ஆறு வாரம் வரும்" என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த ஆறு வாரம், வைஃபையை அணைத்துவிட்டு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும் படித்தால் வருவது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 21 மணி நேரம். டெக்கில் தினம் ஐந்து மணி நேரம் படிக்கிற ஆளுக்கு நாலு நாளில் தீர்ந்துவிடும். புது மாடல்களில் கூடுதலாக வரும், ஆனாலும் கேபிள் எடுத்துப் போங்கள். பழைய கப்பல்களில் கேபினுக்கு ஒன்றிரண்டு ப்ளக் பாயிண்ட்தான், அதற்கும் வீட்டில் எல்லார் போனும் போட்டி போடும்.

இன்ஜின் ரூம்

நான் க்ரூஸ் ஆள் இல்லை. சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். கிண்டில் 2007-இல்தான் வந்தது, என் சர்வீஸில் பெரும்பகுதி அதற்கு முந்தியது. அப்போதெல்லாம் துறைமுகத்தில் இறங்கினால் சீமென்ஸ் கிளப்புக்குப் போவோம், அங்கே ஒரு மூலையில் புத்தக அலமாரி இருக்கும், பிடித்ததை எடுத்துக்கொண்டு நம்முடையதை வைத்துவிட்டு வரலாம். இங்கிலீஷ் துப்பறியும் கதை மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். தமிழில் எதாவது கிடைத்தால் அது அதிர்ஷ்டம். யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த தீபாவளி மலர் ஒன்று அட்டை போய், முதல் நாலு பக்கம் போய், தொடர்கதையின் முதல் அத்தியாயமே இல்லாமல் கேபின் கேபினாகச் சுற்றும். சமையல் குறிப்பைக்கூட விடாமல் படித்திருக்கிறோம்.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். திறந்த டெக்கில் காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 37 கிலோமீட்டர். கடலில் துளிக்கூடக் காற்று இல்லாவிட்டாலும் முன்பக்க டெக்கில் அந்த வேகத்தில் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும், எதிர்க்காற்று சேர்ந்தால் இன்னும் கூடும். பேப்பர் புத்தகத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும், பக்கம் புரட்டுகிற நேரத்தில் நாலு பக்கம் தானே புரளும். மேல் தளத்தை விட்டுவிட்டு, கப்பலின் பின்பக்கமோ, கீழே பக்கவாட்டில் போகும் நடைதளத்தில் காற்று படாத பக்கமோ பாருங்கள். அங்கே நிழலும் இருக்கும், கூட்டமும் குறைவு.

அப்புறம் ஈரம். ஏசி கேபினிலிருந்து டெக்குக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியில் பனி படரும், கிண்டில் திரையிலும் படரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். காகிதம் அப்படி இல்லை, ஈரத்தை உள்ளே இழுத்து ஓரமெல்லாம் அலை அலையாகிவிடும். இப்போது வருகிற புத்தகங்கள் பசை பைண்டிங் வேறு. முதுகு சூடேறினால் பசை இளகி, நடுவிலிருந்து பக்கம் கழன்று கையோடு வரும், அதைக் காற்று கொண்டுபோகும். கடைசி அத்தியாயம் கடலுக்குப் போனவன் சோகம் எனக்குத் தெரியும்.

தலை சுற்றுகிற உடம்பு என்றால் எதில் படித்தாலும் ஒன்றுதான். கண் எழுத்தில் நிற்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஆடுகிறது, இரண்டும் ஒத்துப்போகாமல் வயிறு புரட்டும். கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு, அங்கே போய் உட்காருங்கள். அதிலும் முடியவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு அடிவானத்தைப் பாருங்கள்.

வாசுகி

தமிழ் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. கல்கி எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதனால் பொன்னியின் செல்வனுக்குக் காசு கொடுக்க வேண்டாம். மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் ஐந்து பாகமும் கிடைக்கும். 1998 பொங்கலுக்குத் தன்னார்வலர்கள் தொடங்கியது, சங்க இலக்கியத்திலிருந்து ஏகப்பட்டது வைத்திருக்கிறார்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃபும் தருகிறார்கள். இபப்பை எடுங்கள். அமேசானின் "சென்ட் டு கிண்டில்" வழியாக அனுப்பினால் நேராகக் கருவிக்கு வந்துவிடும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், நாற்பது தாண்டியவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும் வேண்டவே வேண்டாம். முழுப் பக்கத்தையும் ஆறேழு அங்குலத்தில் சுருக்கிக் காட்டும், பெரிதாக்கினால் வரிக்கு வரி இடதும் வலதும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு அத்தியாயத்துக்குள் வெறுத்துவிடும்.

இன்றைக்கு எழுதுகிறவர்களைப் படிப்பவர் என்றால் கருவி வாங்கும் முன்பே நீங்கள் நினைக்கிற தலைப்புகள் மின்னூலாக இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். பாதிக்குமேல் இல்லை என்றால் பேப்பரே நல்லது. சில பதிப்பகங்கள் மின்னூல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

பழைய பேப்பர்

எல்லாரும் கருவி விற்கிறீர்கள், நான் ஒருவனாவது காகிதத்துக்குப் பேசுகிறேன். நீச்சல் குளத்தில் இறங்கும்போது பத்தாயிரத்துக்கு மேல் விலை உள்ள பொருளை நாற்காலியில் விட்டுவிட்டு எவன் நிம்மதியாக நீந்துவான்? பேப்பர் புத்தகத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், தமிழ்ப் புத்தகம் என்றால் இன்னும் நிச்சயம். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல வெள்ளைக்காரர்கள் டெக் நாற்காலியில் டவலும் புத்தகமும் வைத்துவிட்டுத்தான் காலை டிபனுக்குப் போகிறார்கள். ஆள் ரொம்ப நேரம் வராவிட்டால் ஊழியர்கள் எடுத்து வைத்துவிடுவார்கள், அது வேறு விஷயம்.

கப்பலில் நூலகம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குவீன் மேரி 2 மாதிரி அட்லாண்டிக் தாண்டுகிற கப்பலில் ஆயிரக்கணக்கில் புத்தகம் உண்டு, கடலில் ஓடும் நூலகங்களிலேயே பெரியது அதுதான் என்பார்கள். இந்தப் பக்கத்து உல்லாசக் கப்பல்களில் நான் பார்த்தது ஒரு லவுஞ்சு மூலையில் இரண்டு அலமாரி, அதில் பாதி சுடோகு.

மாம்பலம்வாசி

எல்லாருக்கும் நன்றி. இன்ஜின் ரூம் அண்ணா, அந்தத் தீபாவளி மலரைப் பற்றித் தனியாக எழுதுங்கள். பேப்பர்வைட் ஒன்று வாங்கி ஐந்து பாகத்தையும் அதில் போட்டுக்கொள்கிறேன், மனைவி அனுமதித்த அந்த ஒல்லிப் புத்தகமும் கூடவே வரும், குளத்துப் பக்கம் அதுதான். இரண்டு சந்தேகம் பாக்கி. ஜனவரியில் அந்தப் பக்கம் கடல் ஆடுமா? எங்களுடையது ஜன்னல் இல்லாத கேபின், ராத்திரி நான் விளக்கு போட்டால் வீட்டில் சண்டைதான், அதற்கு வழி உண்டா?

தெம்பனிஸ்காரன்

வடகிழக்குப் பருவக்காற்று காலம்தான், ஆனால் அது படுத்துவது தென்சீனக் கடல் பக்கம். உங்கள் கப்பல் போவது மலாக்கா நீரிணை வழியாக. ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா, நடுவில் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

ராத்திரிக்குக் கவலை வேண்டாம், பேப்பர்வைட்டில் விளக்கு உள்ளேயே இருக்கிறது. குறைத்து வைத்தால் பக்கத்தில் தூங்குகிறவருக்குத் தெரியாது. 2021-லிருந்து வந்தவற்றில் வெளிச்சத்தை மஞ்சளாகவும் மாற்றலாம்.

மறக்காமல் ஒன்று செய்யுங்கள். எல்லாவற்றையும் சென்னையிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். கப்பல் வைஃபையில் லாகின் பக்கம் ஒன்று வரும், கிண்டிலில் அதைத் திறப்பதற்குள் உயிர் போகும். செல்போனைக் கப்பல் புறப்பட்டதும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அது கப்பலின் டவரைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் உங்கள் ரோமிங் பேக்கில் சேராது, பில் தனியாக எகிறும். கிண்டிலில் அட்டைப்படம் தெரிகிறது என்பதால் புத்தகம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அட்டை மேல் டிக் குறி இருக்கிறதா பாருங்கள். அதையும் நம்பாமல் வீட்டிலேயே ஏரோப்ளேன் மோடில் போட்டு ஐந்து பாகத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.