கொலம்பஸ் காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?

தக்கலை வாசகி:
பிளஸ் டூ பிள்ளைகளைப் பட்டிமன்றத்துக்குத் தயார் செய்கிறேன். "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்" என்ற வரியைத் தாண்டி ஒரு அணி நகரவில்லை. மற்ற அணி கொலம்பஸைக் "கொடூரன்" என்று திட்டுவதோடு நிற்கிறது. இரண்டு பேருக்கும் ஆதாரத்தோடு என்ன கொடுக்கலாம்?

வடசேரிக்காரன்:
டீச்சர், "எல்லாரும்" என்பதை முதலில் சோதிக்கச் சொல்லுங்க. 1495-ல் கரீபியக் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களில் சுமார் 550 பேரைக் கொலம்பஸ் கப்பலேற்றி ஸ்பெயினுக்கு அனுப்பினார். ஏறக்குறைய 200 பேர் வழியிலேயே செத்தார்கள். மிஞ்சியவர்களை விற்கச் சொன்ன அரசியும் அரசரும் சில நாளிலேயே, இது தகுமா என்று இறையியலாளர்களிடம் கேட்கும்வரை பணத்தை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். 1511-ல் மொந்தேசினோஸ் என்ற துறவி அதே தீவின் சாந்தோ டொமிங்கோ நகரப் பிரசங்கத்தில், ஸ்பானியக் குடியேறிகளின் முகத்துக்கு நேரே, தைனோ மக்களைக் குறித்து "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று கேட்டார். ஆக, தப்பு என்று சொன்ன குரல் அப்போதே இருந்தது. அது அரசவை வரை போய், 1512-ல் பூர்வகுடிகளை நடத்தும் முறை பற்றிய புர்கோஸ் சட்டங்களுக்கும் காரணமானது. ஆனால் அந்தச் சட்டமும் கட்டாய உழைப்பை ஒழிக்கவில்லை, ஒழுங்குபடுத்தியதோடு சரி.

குளச்சல் கடலோரம்:
கொலம்பஸ் விதித்த தங்க வரியை விட்டுவிடாதீங்க. அதே தீவின் சிபாவோ பகுதியில் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வல்லூறின் காலில் கட்டும் சிறு மணி நிறையத் தங்கம் கொடுக்க வேண்டும். தங்கம் கிடைக்காத இடத்தில் ஒரு அரோபா, அதாவது சுமார் பதினொன்றரை கிலோ பருத்தி. ஆற்று மணலில் அவ்வளவு தங்கம் கிடையாது. ஜனங்கள் மலைக்கு ஓடினார்கள், மரச்சீனி நடவு நின்றது. நமக்குக் கிழங்கு, அவர்களுக்கு அதுதான் அன்றாட அப்பம். பட்டினி வராமல் என்ன செய்யும்? "நோய்தான் கொன்றது" என்று யாராவது சொன்னால், அங்கே பெரியம்மை பரவியது 1518 கடைசியில் என்று பதில் சொல்லட்டும். ஜனத்தொகை அதற்கு முன்பே சரிந்துவிட்டது.

இரணியல் சந்தை:
"அந்தக் காலம்" என்றால் யாருடைய காலம்? தைனோ தலைவர் என்ரிக்கியோ 1519 முதல் 1533 வரை அதே தீவின் பவோருகோ மலையில் ஸ்பானியர்களை எதிர்த்து நின்றார்; கடைசியில் ஸ்பெயின் அரசு அவரோடு சமாதானம் செய்துகொண்டது. இங்கே தென் திருவிதாங்கூரில், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1859 பிரகடனம் வரை நடந்தது. சீலையைக் கிழித்தவனை "அக்கால வழக்கம்" என்று விட்டுவிடுவோமா? போட்டுக்கொண்ட பெண்ணும் அதே காலத்தவள்தானே.

வடசேரிக்காரன்:
சரியாச் சொன்னீங்க. டீச்சர், "எல்லாரும் அப்படித்தான்" அணிக்கும் ஒன்று இருக்கு. தைனோக்களுக்காக வாதாடிய ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸே ஆரம்பத்தில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரச் சொன்னவர். பிறகுதான் அதற்காக வருந்தினார். அவர் எழுதிய லட்சக்கணக்கான சாவு எண்களை இரண்டு அணியும் தலைக்கணக்காக எடுக்கக் கூடாது. 1500-ல் கொலம்பஸைக் கைதுசெய்த, ஸ்பெயின் அரசு அனுப்பிய அதிகாரி பொபதில்லாவின் விசாரணையைக் காட்டினால், சாட்சிகளில் கொலம்பஸுக்கு ஆகாதவர்களும் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடட்டும். இல்லையென்றால் எதிரணி அதிலேயே மடக்கிவிடும்.