செகாவ் எழுதின "பந்தயம்": வக்கீல் நிஜமாவே விடுதலை ஆனாரா?

செகண்ட்இயர்_இலக்கியம் கேட்டது:
வணக்கம் மக்களே. எங்களுக்கு சிலபஸ்ல ரஷ்ய எழுத்தாளர் செகாவோட பந்தயம் கதை இருக்கு, 1889ல வந்தது. தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன், ஒரு பேங்கர் வீட்டு பார்ட்டில மரண தண்டனை கொடுமையா ஆயுள் தண்டனை கொடுமையான்னு பேச்சு வருது, எப்படியோ உயிரோட இருக்கறதே மேல்னு 25 வயசு வக்கீல் ஒருத்தர் சொல்ல, பேங்கர் சூடாகி அஞ்சு வருசம் தனியா அடைஞ்சு கிட பாக்கலாம், இருபது லட்சம் ரூபிள்ங்கறார், இவர் வீம்புக்கு பதினஞ்சே இருக்கேன்ங்கறார். பேங்கரோட தோட்டத்து வீட்டுல அப்படியே இருக்கவும் இருந்துட்டு, கெடு முடிய அஞ்சு மணி நேரம் இருக்கறப்ப கிளம்பிப் போயிடறார், பணமும் வேணாம்னு எழுதி வச்சுட்டு. நோட்ஸ்ல எல்லாம் இவர் ஞானி ஆகிட்டார், இதான் உண்மையான சுதந்திரம்னு போட்ருக்கு. எனக்கு அந்த லெட்டர படிச்சா அப்படி தோணவே இல்ல, முழுக்க வெறுப்பாத்தான் இருக்கு. இப்படி எழுதினா மார்க் போயிடுமா?

பழையபேப்பர்கடை:
தாராளமா எழுதுங்க தம்பி, ஆனா ஆதாரம் காட்டி எழுதுங்க. அந்த லெட்டர்ல அவர் என்ன சொல்றார்? ஒயின் குடிச்சேன், மான் வேட்டை ஆடினேன், எல்ப்ரஸ் உச்சிலயும் மோன் பிளாங் மேலயும் ஏறி சூரிய உதயம் பாத்தேன், எல்லாம் புத்தகத்துலங்கறார். பதினஞ்சு வருசமா வாசப்படி தாண்டாத ஆளு, ஒரு மனுச முகம் பாக்கல, பேப்பர் கூட கிடையாது, அவர் வந்து உலகமே மாயைங்கறார். எதுல வாழ்ந்து பாத்துட்டு இந்த முடிவுக்கு வந்தார்னு கேட்டாலே பாதி கட்டுரை வந்துடும். அதோட அவர் மனநிலை ஒரே நேர்கோட்டுல ஏறல, நல்லா கவனிங்க. முதல் வருசம் பியானோ, லேசான நாவல், ஒயின் வேணாம்ங்கறார். அஞ்சாவது வருசம் அவரே ஒயின் கேக்கறார், புத்தகத்த தொடறதில்ல, படுத்தே கிடக்கறார், அழுகுரல் கூட வெளிய கேக்குது. அப்புறம் வெறி பிடிச்ச மாதிரி மொழிகள், தத்துவம், வரலாறுன்னு நாலு வருசத்துல அறுநூறு புத்தகம். பத்தாவது வருசத்துக்கு அப்புறம் பைபிள்ல சுவிசேஷம் மட்டும். இதுல எந்த வருசத்து ஆள ஞானின்னு எடுத்துக்கறது?

மழைக்காலமீன்:
நீங்க ரொம்ப கடுமையா பேசறீங்கன்னு நினைக்கறேன் சார். வெறுப்போ விரக்தியோ, சும்மா உக்காந்திருந்தாலே மத்தியானம் கைக்கு வர பணத்த ஒருத்தர் விட்டுட்டுப் போறார், அது வெறும் பேச்சு இல்லல்ல, செஞ்சு காட்றார். அதே நேரம் பேங்கர பாருங்க, ஷேர் மார்க்கெட்ல சூதாட்டம் மாதிரி ஆடி எல்லாம் போச்சு, இருபது லட்சம் குடுத்தா ஓட்டாண்டி, அதனால கடைசி ராத்திரி மூணு மணிக்கு மழைல சாவிய எடுத்துகிட்டு வக்கீல தலகாணி வச்சு அமுக்கிடலாம், பழி வாட்ச்மேன் மேல போகட்டும்னு வர்றார். ரெண்டு பேர்ல யார் கைதி?

பழையபேப்பர்கடை:
மேடம், பேங்கர் மாட்டிகிட்டார்ங்கறதுல எனக்கும் சந்தேகமே இல்ல. அதுக்காக வக்கீல் விடுதலைனு ஆயிடுமா? கதைல அவர் உச்சகட்ட சந்தோஷத்துல இருக்கற இடம் ஒண்ணு இருக்கு. ஆறு மொழில ஒரு கடிதம் எழுதி, இத தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க, ஒரு தப்பும் இல்லன்னா தோட்டத்துல ஒரு தடவ துப்பாக்கி சுடச் சொல்லுங்க, என் உழைப்பு வீணாகலன்னு தெரிஞ்சுக்கறேன்ங்கறார். பேங்கர் ரெண்டு தடவ சுடச் சொல்றார். அவ்ளோ படிச்சவருக்கும் அந்த சத்தம் வெளிலருந்து வர வேண்டியிருந்துச்சு பாருங்க. நோட்ஸ் காரங்க இத ஒரு வரில தாண்டிடுவாங்க, எனக்கு கதையோட உயிரே அங்கதான்.

சமோவார்:
இன்னொண்ணு, முதல்ல பத்திரிகைல வந்தப்ப இதுக்கு மூணாவது பகுதி ஒண்ணு இருந்துச்சு, அதுல வக்கீல் திரும்பி வந்து பணம் கேப்பார்! பின்னாடி தொகுப்புக்கு குடுக்கறப்ப செகாவே அத வெட்டிட்டார். அதனால வக்கீலோட துறவறத்த அவரே முழுசா நம்பினாரானு கேக்க இடமிருக்கு. அப்புறம் 1890ல மனுசன் சகாலின் தீவுக்கே போய் அங்க இருந்த கைதிகள நேர்ல விசாரிச்சு எழுதினார், தண்டனைங்கற விஷயம் அவருக்கு பார்ட்டி பேச்சு இல்ல.

செகண்ட்இயர்_இலக்கியம்:
அய்யோ இது யாருமே சொல்லல! அப்ப வெட்டின பகுதிய வச்சே முடிவுரை எழுதிடவா?

சமோவார்:
வேணாம் ப்ரோ, ஒரு வரி போதும். உங்க டெக்ஸ்ட்ல இருக்கற முடிவ எடுங்க. கொல்ல வந்த இடத்துல அந்த லெட்டர படிச்சுட்டு, தூங்கறவர் தலைல முத்தம் குடுத்துட்டு அழுதுகிட்டே போன பேங்கர் மறுநாள் என்ன பண்றார்? ஆள் ஜன்னல் வழியா போயிட்டார்னு வாட்ச்மேன்க வந்து சொன்னதும், வீண் பேச்சு வரக்கூடாதுன்னு பணம் வேணாம்ங்கற அந்த பேப்பர கொண்டு போய் பீரோல வச்சு பூட்டறார். ராத்திரி அழுதது எதுக்கு, காலைல பூட்டினது எதுக்குன்னு ரெண்டு பக்கம் எழுதுங்க, மார்க் எங்கயும் போகாது.