பழைய பைக்கின் இறுகிய கிளட்ச்: நாங்கள் நால்வர் சரிசெய்த கதைகள்

பழைய வண்டி என்றால் கிளட்ச் கல் மாதிரிதான் இருக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஒப்புக்கொள்வதே இல்லை. அந்த வண்டிகள் புதிதாக வந்த காலத்தில் தினமும் வேலைக்குப் போய்வந்தவர்கள் பயில்வான்கள் இல்லையே! கை நோகிறது என்றால் எங்கோ ஒன்று கெட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

என்னுடையது 350 சிசி, ஒற்றை சிலிண்டர், வலது காலில் கியர். வாங்கியபோது நாலு விரலும் சேர்த்து இழுத்தால்தான் கிளட்ச் வரும். நெரிசலில் கொஞ்ச நேரம் ஓட்டினாலே மணிக்கட்டு மரத்துவிடும்.

எதையும் கழற்றிப் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் வயரை மட்டும் விடுவித்துவிட்டு லீவரை இழுங்கள். இழுப்பதே தெரியாத மாதிரி வர வேண்டும். அப்படி வந்தால் வயரும் லீவரும் நல்லபடி இருக்கின்றன, குறை உள்ளே இருக்கிறது. எனக்கு அப்போதும் கனமாகவே இருந்தது, பாதியில் நறநறவென்று ஓர் உரசல் வேறு. டேங்க்கைத் தூக்கிப் பார்த்தால் காரணம் கண்முன்னே கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் உயரமான ஹேண்டில்பார் மாட்டியிருக்கிறார், வயரை மட்டும் மாற்றவில்லை. நீளம் போதாமல் விறைத்து, ஸ்டியரிங் கழுத்துக்குப் பக்கத்தில் முழங்கை மாதிரி மடங்கிக் கிடந்தது. அந்த வளைவில் அவுட்டரின், அதாவது வெளியுறையின், சுருள் நசுங்கியிருந்தது. உள்ளே ஓடும் கம்பியான இன்னரை உருவியபோது அறுந்த இழைகள் இரண்டு ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அவைதான் உள்சுவரைக் கீறியிருக்கின்றன.

கொஞ்சம் நீளமான வயர் வாங்கி, வளைவுகள் எல்லாம் அகலமாக வரும்படி, சைலன்சர் குழாயின் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோனேன். மாட்டும் முன் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் பிளாஸ்டிக் பை மூலையைப் புனல் மாதிரி கட்டி, மெல்லிய எண்ணெய் ஊற்றி, கீழே சொட்டும்வரை விட்டேன். உள்ளே நைலான் குழாய் வைத்த வயர் என்றால் இதெல்லாம் வேண்டாம். தடித்த கிரீஸை அதில் அடைத்தால் பிசுபிசுத்து இன்னும்தான் இறுகும். வயர் முனையில் குமிழ் மாதிரி இருந்து லீவரில் உட்காரும் நிப்பிளுக்கு மட்டும் ஒரு துளி கிரீஸ் அவசியம். அது குழிக்குள் சுழலாவிட்டால் வயர் அதே இடத்தில் மடங்கி மடங்கி அறுந்துபோகும். இப்போது இரண்டு விரல் போதுகிறது.

* * *

மேலே அண்ணா சொன்ன வயர் சோதனையில் என் வண்டி தேறிவிட்டது. வயர் வெண்ணெய், ஆனால் மாட்டினால் மறுபடியும் கல். கியர்பாக்ஸில் வயர் இழுக்கும் ஆர்மை ஸ்பேனர் போட்டு நெம்பியபோதே அது முரண்டுபிடித்தது.

மெயின் ஷாஃப்டின் நடுவே போய்க் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் புஷ் ராடை உருவினேன். முனை காளான் குடை மாதிரி நசுங்கி விரிந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. உடம்பெல்லாம் கீறல், ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. வயரில் கொஞ்சம்கூடத் தளர்வு வைக்காமல் ஓட்டியதால் வந்த வினை இது. லீவரை விட்டபிறகும் ராடு அழுத்தத்திலேயே இருந்து உரசுகிறது. சூடேறினால் முனையின் கடினம் போய்விடும், பிறகு தேய்மானம்தான். விரிந்த முனை துளைச் சுவரில் சிக்குவதைத்தான் நாம் "கிளட்ச் டைட்" என்கிறோம். சில வண்டிகளில் ராடு இரண்டு துண்டாக, நடுவில் ஒரு எஃகு குண்டோடு இருக்கும். உருவும்போது குண்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

புது ராடுக்கு கிரீஸ் தடவிப் போட்டேன். அப்புறம் வயரை முழுக்கத் தளர்த்திவிட்டு, லாக் நட்டை விடுவித்து, அட்ஜஸ்டர் ஸ்குரூ ராடை லேசாகத் தொடும்வரை திருகி, அங்கிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்று பின்னால் எடுத்து இறுக்கினேன். கடைசியாகத்தான் வயர். லீவர் முனையில் இல்லை, வயர் மாட்டும் இடத்தில் இரண்டு மூன்று மி.மீ. பிளே, அதாவது தளர்வு. பலர் வயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள், உள்ளே இருக்கும் ஸ்குரூவை ஒருவரும் தொடுவதில்லை. அங்கேதான் பாதி நோய் இருக்கிறது.

* * *

என் கதை ஸ்பிரிங். தயவுசெய்து அதில் முதலில் கை வைக்காதீர்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் கை லேசாகும், ஆனால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கி பிளேட் கருகிவிடும்.

நான் வாங்கிய வண்டியில் நேர்மாறாக நடந்திருந்தது. கிளட்ச் இருக்கும் செயின் கேஸைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கு அடியிலும் வாஷர் அடுக்கியிருந்தார்கள். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் எண்ணெயை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். பிளேட் வழுக்கியிருக்கிறது. எண்ணெயை மாற்றாமல் ஸ்பிரிங்கை இறுக்கி ஒப்பேற்றிவிட்டார்கள். அதைச் சுமந்தது என் இடதுகை! வாஷர்களை எடுத்துவிட்டு, பிளேட்டுகளைக் கழுவி, எண்ணெயில் நனைந்து ஓடும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ முத்திரை உள்ள எண்ணெய் ஊற்றினேன். வழுக்கலும் இல்லை, கனமும் இல்லை.

ஸ்பிரிங் நட்டைத் திருகி அளவு வைக்கும் வகை என்றால் மூடியைத் திறந்துவைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதியுங்கள். பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஆடாமல் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் தள்ளாடினால் அந்தப் பக்கத்து நட்டைச் சரிசெய்யுங்கள்.

* * *

என் கை சிறியது. நீங்கள் மூவரும் சொன்னதெல்லாம் செய்தபிறகும் எனக்கு லீவர் கொஞ்சம் கனம்தான். அளந்து பார்த்தேன். லீவர் சுழலும் போல்ட்டின் மையத்திலிருந்து நிப்பிளின் மையம்வரை 27 மி.மீ. இருந்தது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு 22 மி.மீ. லீவரும் வரும். அதை மாட்டியதும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கனம் குறைந்தது. ஆனால் வயர் நகரும் தூரமும் அதே அளவு குறையும் என்பதால் பிளே அதிகம் விடக்கூடாது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சின் சூடானபிறகு முதல் கியரில் கிளட்சைப் பிடித்து, பின்சக்கரத்தைக் காலணியால் லேசாகத் தொட்டு நிறுத்திப் பார்த்தேன். எளிதாக நின்றது. நிற்காமல் இழுத்தால் பழைய லீவரையே மாட்டிவிடுங்கள்.