16 வருஷம் சப் எடிட்டர், ஒரு பைலைன் கூட இல்ல. எதைக் காட்டி வேலை கேக்கறது?

நைட்ஷிஃப்ட்:
வணக்கம். போன மாசம் எங்க பேப்பர்ல செய்தியைத் திருத்தித் தலைப்பு போடற டெஸ்க்ல பாதிப் பேரை எடுத்துட்டாங்க, அதுல நானும் ஒருத்தன். 16 வருஷம் சப் எடிட்டர், கடைசி 5 வருஷம் முதல் பக்கம் என் கையில. ரிப்போர்ட்டர்னா பைலைன், அதாவது பேர் போட்ட ஸ்டோரி இருக்கும், லிங்க் எடுத்து அனுப்பிடலாம். நான் திருத்தின செய்திக் காப்பில என் பேர் எங்கயும் கிடையாது. 3 இன்டர்வியூ போயிட்டேன், எல்லா இடத்துலயும் 'சாம்பிள் அனுப்புங்க'ன்னுதான் கேக்கறாங்க, அங்கயே பேச்சு நின்னுடுது. வயசு 43. பத்திரிகைக்கு வெளிய எனக்கு என்ன வேலை இருக்குன்னே தெரியல. ராத்திரி 2 மணி வரைக்கும் தூக்கமும் வர மாட்டேங்குது, கடைசி எடிஷன் விட்டுப் பழகின உடம்பு.

கடைசிப்பத்தி:
அண்ணே, நீங்க வேலையில குறை வெச்சதால இது நடக்கல, அதை மனசுல வெச்சுக்கங்க. 2017ல நியூயார்க் டைம்ஸே தனி காப்பி டெஸ்க்கை எடுத்துட்டாங்க, ரிப்போர்ட்டர்களும் சேர்ந்து வெளிநடப்பு பண்ணியும் நிக்கல. வரி விளம்பரம் கிரெய்க்ஸ்லிஸ்ட் மாதிரி சைட்டுக்குப் போனதுல வருமானம் விழுந்துச்சு, செலவைக் குறைக்கணும்னு வந்தா படிக்கறவங்க கண்ணுக்குத் தெரியாத வேலை மேலதான் முதல்ல கை வைக்கறாங்க.

நானும் டெஸ்க்தான், இப்ப ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில டெக்னிக்கல் ரைட்டர். சாம்பிளுக்கு நான் பண்ணினதைச் சொல்றேன். எல்லாருக்கும் கிடைக்கற ஒரு பிரஸ் ரிலீஸ், நல்லா வளவளன்னு இருக்கறதா பார்த்து எடுத்தேன், 800 வார்த்தையை 250 ஆக்கினேன், மூணு தலைப்பு போட்டேன். இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு, ஓரத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் காரணம்: இந்தக் கணக்கு கூட்டிப் பார்த்தா வரல, இந்தப் பதவி ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருக்கு, முக்கியமான விஷயம் 6வது பத்தியில கிடக்குன்னு. இப்படி 4 செஞ்சேன். இன்டர்வியூல அந்த ஓரக் குறிப்பைப் பத்தித்தான் முக்கால் மணி நேரம் கேட்டாங்க, வேற எதையும் பெருசா கேக்கல. பேப்பர்ல ஒரு காலம் அகலத்துக்குள்ள அடங்கணும்னு எழுத்து எண்ணித் தலைப்பு போட்ட கைக்கு எர்ரர் மெசேஜ் எழுதறது புதுசே இல்ல. மார்க்டவுன்னு சாதா எழுத்துல குறி போட்டுத் தலைப்பு, பட்டியல் எல்லாம் அமைக்கற முறை இருக்கு, அதை மட்டும் கத்துக்கங்க, ரெண்டு நாள் போதும்.

புரூஃப்காரி:
மேல சொன்னதோட ஒரு எச்சரிக்கை. ரிப்போர்ட்டர் அனுப்பின திருத்தாத காப்பியை மட்டும் சாம்பிளா வைக்காதீங்க, அவங்களையும் சங்கடப்படுத்தும், நீங்க கையெழுத்துப் போட்ட செட்டில்மென்ட் பேப்பர்ல அதுக்குத் தடையும் இருக்கலாம். அச்சுல வந்த பக்கத்தைக் காட்டலாம், அதுல எது எது உங்க வேலைன்னு பக்கத்துல நேர்மையா எழுதி வைங்க. இணையத்துல இருக்கறதை இன்னைக்கே பிடிஎஃப் ஆக்கிடுங்க, பழைய இணையப் பக்கங்களைச் சேமிச்சு வைக்கற வேபேக் மெஷின் சைட்லயும் சேமிச்சுடுங்க. 2017 நவம்பர்ல டிஎன்ஏஇன்ஃபோ, கோதமிஸ்ட்னு நியூயார்க் செய்தி சைட் ரெண்டையும் ஓனர் மூடினப்போ சைட்டைத் திறந்தா அவரோட கடிதம் மட்டும்தான் வந்துச்சு, அப்புறம் திரும்பக் கொண்டு வந்தாலும் அந்த நேரத்துல வேலை தேட இறங்கினவங்க கையில காட்ட ஒரு லிங்க் இல்ல.

ஈயஎழுத்து:
ரெஸ்யூமேல 'செய்திகளைத் திருத்தினேன்'னு எழுதாதீங்க சார், வெளி ஆளுக்கு அது ஸ்பெல்லிங் பார்க்கற வேலைன்னுதான் தோணும். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பக்கம், எத்தனை பேரோட காப்பி உங்க கைக்கு வந்துச்சு, எத்தனை மணிக்கு பிரஸ்ஸுக்குப் போகணும், இதை எழுதுங்க. செய்தி உண்மையான்னு சரிபார்க்கற ஃபேக்ட் செக் பக்கமும் பாருங்க, ஆனா அதை மட்டும் நம்பிடாதீங்க, 2025 ஜனவரியில ஃபேஸ்புக்கோட கம்பெனி மெட்டா அமெரிக்காவுல வெளி ஃபேக்ட் செக்கர் ஏற்பாட்டை நிறுத்தறதா அறிவிச்சாங்க, இந்த வேலைக்குப் பணம் எங்கேர்ந்து வருதுன்னு பார்த்துட்டுச் சேரணும். டெஸ்ட்னு சொல்லி 10 கட்டுரை திருத்தச் சொன்னா முடியாதுன்னு சொல்லுங்க, ஒரு மணி நேர டெஸ்ட் நியாயம், அதுக்கு மேல போனா அது சம்பளம் தர வேண்டிய வேலை.

நைட்ஷிஃப்ட்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி தூக்கம் வரலன்னு ஒரு பிரஸ் ரிலீஸ் எடுத்து உக்காந்தேன், 900 வார்த்தை, 230ல நிறுத்தினேன், அதுல ஒரு சதவீதக் கணக்கு தப்புன்னும் கண்டுபிடிச்சேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் கை பழகின வேலையைச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. கடைசிப்பத்தி, ஒரு சந்தேகம், ஓரக் குறிப்பை 14 இடத்துல போட்டிருக்கேன், அதிகமா?

கடைசிப்பத்தி:
அதிகம்தான் அண்ணே. 6 போதும், கமா மாத்தினதை எல்லாம் எடுத்துடுங்க. அந்த சதவீதம் முதல்ல வரட்டும்.