பைத்தானில் 100-ஐ விட 95 பெரியது என்று வருகிறதே, ஏன்?

கேள்வி:
பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கிறேன். வகுப்பில் யார் அதிக மதிப்பெண் என்று பார்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். இன்புட்டில் மதிப்பெண்களை இடைவெளி விட்டு ஒரே வரியில் தட்டி, ஸ்ப்ளிட்டால் பிரித்து, பெரியதைத் தேர்ந்தெடுக்கும் மேக்ஸிடம் கொடுக்கிறேன். 87 95 78 கொடுத்தால் 95 வருகிறது, சரி. 87 100 95 கொடுத்தாலும் 95 தான் வருகிறது! பிழைச் செய்தியும் இல்லை. மேக்ஸில் ஏதும் கோளாறா?

பதில்:
மேக்ஸ் மேல் குற்றம் இல்லை, தம்பி. பைத்தான் 3-இல் இன்புட் தருவது எப்போதும் சரம்தான், அதாவது எழுத்துகளின் தொடர். ஸ்ப்ளிட் அதைத் துண்டாக்குமே தவிர எண்ணாக்காது. பட்டியலை அப்படியே பிரிண்ட் செய்து பாருங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி மேற்கோள் குறி இருக்கும்.

சரங்களை அகராதி வரிசை மாதிரி முதல் எழுத்திலிருந்துதான் ஒப்பிடும். 9 என்ற எழுத்துக்குக் கணினி வைத்திருக்கும் யூனிகோடு எண் 57, 1-க்கு 49. அங்கேயே முடிவு தெரிந்துவிடுவதால் 100-இன் இரண்டு பூச்சியங்களையும் அது பார்ப்பதே இல்லை.

எல்லா மதிப்பெண்ணும் இரண்டு இலக்கமாக இருந்தால் விடை சரியாகவே வரும். இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருப்பது அதனால்தான். என் மாணவர்களைச் சோதனைக்கு எப்போதும் 9, 10, 100 மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வேன்.

ஸ்ப்ளிட் முடிந்த கையோடு சரத்தை முழு எண்ணாக்கும் இன்ட்டை, பட்டியல் முழுவதற்கும் ஒரே வேலையைச் செய்யும் மேப்பில் கொடுத்து எல்லாவற்றையும் எண்ணாக்கிவிடுங்கள். மேக்ஸுக்குள் கீ என்ற இடத்தில் இன்ட் கொடுத்தாலும் 100 வரும். ஆனால் அந்த 100 இன்னும் சரம்தான், அதோடு 5-ஐக் கூட்டப் போனால் டைப்எரர், அதாவது வகை பொருந்தாத பிழை.

இன்னொருவர்:
ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இரண்டு பக்கமும் சரமாக இருந்தால் இதே கதைதான். ஒரு பக்கம் எண் இருந்தால் மறுபக்கத்தைத் தானாகவே எண்ணாக்கிக்கொள்ளும். பைத்தான் 3-இல் எண்ணையும் சரத்தையும் பெரிதா சிறிதா என்று கேட்டால் டைப்எரர். சமமா என்று கேட்டால் மட்டும் சத்தமில்லாமல் இல்லை என்று சொல்லிவிடும், அதையும் கவனியுங்கள்.

கேட்டவர்:
100 வந்துவிட்டது, நன்றி சார்! தேர்வுக்கு வராதவருக்கு ஆப்சென்ட் என்று தட்டினால் எண்ணாக்க முடியவில்லை என்று வேல்யூஎரர் பிழை வந்து நின்றுவிடுகிறது. அப்புறம், ரோல் நம்பரையும் இன்ட் ஆக்க வேண்டுமா?

பதில்:
நிற்பது நல்லதுதான், எந்த இடத்தில் தகராறு என்று காட்டிவிடுகிறதே. பிழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் டிரை, எக்செப்ட் போட்டு அந்த மாணவரை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். வராதவருக்கு 0 போட்டுவிடாதீர்கள், சராசரி கெட்டுவிடும்.

ரோல் நம்பரைத் தொடவே வேண்டாம். 007 வெறும் 7 ஆகிவிடும். கூட்டிக் கழிக்கிற எண் இல்லையே அது. எல்லாம் மூன்று இலக்கமாக இருந்தால் சரமாகவே வரிசைப்படுத்தலாம், சரியாக வரும்.

ஒன்று முயன்று பாருங்கள்: இன்ட்டிடம் ௯௫ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்தால் 95 தரும். பத்தைக் குறிக்கும் ௰ கொடுத்தால் வேல்யூஎரர், ஏனென்றால் அது 0 முதல் 9 வரையிலான இலக்கங்களில் சேராது. சரமாக ஒப்பிட்டாலோ தமிழ் ஒன்றான ௧ கூட 9-ஐ விடப் பெரியது. யூனிகோடில் தமிழ் இலக்கங்கள் 3046-இல்தான் தொடங்குகின்றன.