புதுப்பிப்பு: ஏடிஎச்டி மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும் சேரும்போது

பெரியவர்களின் ஏடிஎச்டியோடு (கவனம் சிதறும், நிலைகொள்ளாத தன்மை கொண்ட கோளாறு) பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் எது அதிகம் முடக்குகிறதோ அதற்குத்தான் முதலில் சிகிச்சை என்று போன பதிவில் எழுதியிருந்தேன். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர் ஏடிஎச்டி மருந்தான அட்டோமாக்ஸெட்டின் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொடங்கலாம். ஆனால் ஏற்கெனவே எடுப்பது எந்த மாத்திரை என்று பார்க்க வேண்டும்.

அட்டோமாக்ஸெட்டினைக் கல்லீரலில் சிதைப்பது சிஒய்பி2டி6 என்ற நொதி. மனச்சோர்வு மாத்திரைகளான ஃப்ளூவாக்ஸெட்டினும் பராக்ஸெட்டினும் அந்த நொதியையே முடக்கிவிடும். அதனால் அதே 40 மி.கி. மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு ஏறும். நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், தூக்கம் கெடும். பதற்றம் முற்றிவிட்டது என்று நினைத்து, பலன் தரக்கூடிய மருந்தையே விட்டுவிடுகிறார்கள், அதுதான் வேதனை.

வழக்கமாக 40 மி.கி.யில் தொடங்கி, குறைந்தது 3 நாள் கழித்து 80க்கு ஏற்றுவார்கள். ஃப்ளூவாக்ஸெட்டினோ பராக்ஸெட்டினோ கூடவே இருந்தால் 4 வாரம் 40லேயே வைத்திருந்து, போதவில்லை என்றால் மட்டுமே ஏற்ற வேண்டும். ஃப்ளூவாக்ஸெட்டினை நிறுத்திய பிறகும் அதன் தாக்கம் சில வாரம் இருக்கும். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரைகளில் இந்தச் சிக்கல் குறைவு.

எடுக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடங்கும் முன்பும் அளவு ஏற்றிய பின்பும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் அழைக்கலாம்.