இலக்கு எடை 65-ஆ, 72-ஆ? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

எங்கள் ஜிம்முக்கு வரும் ஒருவருக்கு இலக்கு எடை குறிக்க உதவி வேண்டும். ஆண், வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. கால் வைத்து நிற்கும் மெஷினில் கொழுப்பு 30 சதவீதம் காட்டியது.

பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் குறியீடு) 23-க்கு வர வேண்டுமென்றால் 65 கிலோ. அது இவருக்குச் சரிவராது என்பது என் கருத்து. இப்போது கொழுப்பு 25.2 கிலோ, மீதி 58.8 கிலோ. அந்த மீதி அப்படியே நின்று கொழுப்பு 20 சதவீதமானால் 58.8 ÷ 0.8 = 73.5 கிலோ. ஆனால் தசை கொஞ்சமும் குறையாமல் எடை இறங்குவது அபூர்வம். குறைவதில் பத்தில் ஒரு பங்கு தசை, நீர் என்று வைத்தால் 72; வெயிட் தூக்காமல் பட்டினி கிடந்து கால் பங்கு போனால் 69-க்கு அருகில்தான் அதே 20 சதவீதம் வரும். எலும்பும் பெரிது: மணிக்கட்டு 18 செ.மீ., உயரத்தை அதனால் வகுத்தால் 9.3. ஆண்களுக்கு 9.6-க்குக் கீழ் என்றால் பெரிய உடல்வாகு.

என் சந்தேகம் மெஷின் மேல்தான். தண்ணீர் குடித்த உடனே, உடற்பயிற்சி முடிந்த கையோடு ஏறினால் எண் மாறுகிறது. உண்மையில் 34 சதவீதம் இருந்தால் 73.5 என்ற கணக்கே 69.3 ஆகிவிடும்.

இரண்டு கேள்விகள். மதுரைப் பக்கம் முழு உடல் டெக்ஸா ஸ்கேனில் (எக்ஸ்-ரே மூலம் எலும்பு, தசை, கொழுப்பை அளப்பது) கொழுப்பு அளவும் எங்கே தருகிறார்கள், செலவு என்ன? அது கிடைக்காவிட்டால், காலை வெறும் வயிற்றில் எடுத்த மெஷின் அளவுகளின் சராசரியை நம்பலாமா, அல்லது எடையை விட்டுவிட்டு இடுப்பை 84 செ.மீ.-க்குக் கீழ், அதாவது உயரத்தில் பாதிக்குள், கொண்டுவருவதையே இலக்காக வைக்கலாமா?